பறவைக்கு வந்த காய்ச்சலா, பறவையால் வந்த காய்ச்சலா?

திருக்கோணமலைத் துறைமுகத்திலே கப்பல்கள் மட்டும் வந்து நங்கூரமிட்டதில்லை. சொற்களும் வந்து இறங்கியிருக்கின்றன. காலையிலே நாம் உண்ணும் ‘பாண்’ போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். எம் பாட்டன்மார் உத்தியோகத்துக்குச் சென்ற ‘கந்தோர்’ ஒல்லாந்தர் தந்த சொல். ‘டொக்யார்ட்’ என்பது ஆங்கிலேயக் கடற்படையோடு வந்து, அக்கடற்படை 1957-ஆம் ஆண்டிலே வெளியேறிய பின்னரும் இங்கேயே தங்கிவிட்டது. இச்சொற்கள் வந்தபோது அவற்றின் பொருளும் கூடவே வந்தது. பாணைக் கண்டவரே பாண் என்றனர். இக்காலத்திலோ சில சொற்கள் பொருளுக்கு முன்னே ஓடி வருகின்றன. பொருள் இன்னதென்று விளங்குமுன் அச்சம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அத்தகைய சொற்களுள் ஒன்றுதான் ‘பேர்ட் புளூ’ என்பது. பத்திரிகைகள் அதனைப் ‘பறவைக் காய்ச்சல்’ என மொழிபெயர்த்து வழங்குகின்றன.

இச்சொல்லைப் பற்றி எழுதத் தூண்டிய நிகழ்ச்சி 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நடந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்திலே தாராக்களிடையே இந்நோய் கண்டதென்ற செய்தி எங்கும் பரவியது. சில வாரங்களின் பின், எமது துறைமுகத்தை அடுத்த தெரு ஒன்றிலே, ஒரு தாய் வளர்த்த கோழிகளில் நாலைந்து அடுத்தடுத்து இறந்தன. முட்டை விற்றுப் பிள்ளையைப் படிப்பிப்பவர் அவர். இறந்த கோழிகளை வெறுங்கையாலேயே எடுத்துப் புதைத்துவிட்டு, “கோழிக்கு வாற வருத்தம்தானே, எங்களுக்கு என்ன?” என்றிருந்தார். அயல்வீட்டாரோ, “இது கோழியால வாற வருத்தமாம். அந்த வீட்டு முட்டையும் வேண்டாம், அங்க பிள்ளையளும் போக வேண்டாம்” என்று கதவைச் சாத்திக்கொண்டனர். மறுநாள் முதல் ஒரு முட்டைதானும் விலைப்படவில்லை.

அத்தாயின் மகன் எமது மாணாக்கன். வகுப்பிலே எழுந்து நின்று, “சேர், பேர்ட் புளூ எண்டால் பறவைக்கு வாற காய்ச்சலோ, பறவையால வாற காய்ச்சலோ?” என்று கேட்டான். சக மாணவர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே சொல்லின் ஒரு பாதியைத் தாயும் மறு பாதியை அயலாரும் பற்றிக்கொண்டு நிற்பதை அவ்வினா தெளிவாகக் காட்டிற்று.

விண்மீன்களும் காய்ச்சலும்

முதலில் ‘புளூ’ என்பதை நோக்குவோம். இது ‘இன்புளுவென்சா’ என்னும் நீண்ட சொல்லின் குறுக்கம். இன்புளுவென்சா இத்தாலிய மொழிச் சொல். ‘உள்ளே பாய்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து பிறந்தது. விண்மீன்களிடமிருந்து ஒரு சக்தி மனிதருள் பாய்ந்து நோயை விளைக்கிறதென அக்காலத்து ஐரோப்பியர் நம்பினர். கிரக தோஷத்தை நம்பிய எம்முன்னோருக்கு அந்நம்பிக்கை புதுமையாகத் தோன்றியிராது. 1743-ஆம் ஆண்டில் இத்தாலியிலே பரவிய நோயோடு இச்சொல் ஆங்கிலத்துட் புகுந்தது. செல்வாக்கைக் குறிக்கும் ‘இன்புளுவென்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்கு உடன்பிறப்பே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீண்ட சொல்லைக் குறுக்கிப் ‘புளூ’ என்று எழுதலாயினர்.

‘பேர்ட்’ என்பதன் கதையும் சுவையானது. பழைய ஆங்கிலத்திலே அது குஞ்சை மட்டும் குறித்தது. பறவை இனம் முழுவதற்கும் வழங்கிய பொதுச்சொல் இன்றைய ‘பவுல்’ என்பதன் முன்வடிவம். காலப்போக்கில் குஞ்சைக் குறித்த சொல் விரிந்து எல்லாப் பறவைகளையும் தழுவிக்கொண்டது. பொதுச்சொல்லாக இருந்த பவுல் சுருங்கிப் பெரும்பாலும் கோழியினத்தளவில் நின்றுவிட்டது. இதனாலேதான் இந்நோய்க்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட முதற்பெயர் ‘பவுல் பிளேக்’, அஃதாவது கோழிக் கொள்ளைநோய், என அமைந்தது.

இத்தாலியரான பெரொன்சிட்டோ என்பவர் 1878-ஆம் ஆண்டிலே, வட இத்தாலியில் கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற இந்நோயை முதன்முதல் விவரித்தார். 1901-ஆம் ஆண்டில், பற்றீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் நுண்பொருளே இதற்குக் காரணமென அறிந்தனர். அந்நுண்பொருள் மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சாவின் ‘ஏ’ வகுப்பைச் சேர்ந்ததென 1955-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஷேபர் நிறுவினார். 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் கூடிய அறிஞர்கள் பழைய பெயரை விடுத்து, ‘ஏவியன் இன்புளுவென்சா’ என்னும் பெயரையே வழங்கவேண்டுமெனத் தீர்மானித்தனர். ‘ஏவியன்’ என்பது பறவையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

அறிஞர் வழக்கிலிருந்த இப்பெயரை எளிய மக்களின் நாவிற்குக் கொண்டு வந்தது 1997-ஆம் ஆண்டின் ஹொங்கொங் நிகழ்ச்சியாகும். அவ்வாண்டு அங்கே 18 பேர் ‘எச்5என்1’ என்னும் பறவை வைரசினால் நோயுற்றனர். அவருள் 6 பேர் இறந்தனர். ஆண்டு முடிவில் அந்நகரத்துக் கோழிகள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை கொல்லப்பட்டன. பத்திரிகைத் தலைப்புக்கு ஏவியன் இன்புளுவென்சா நீளமான பெயர்; பேர்ட் புளூவோ இரண்டு சிறு சொற்கள். உலகம் சிறியதையே கைக்கொண்டது.

தொகையை விரித்துக் காண்போம்

இனி எம் மாணாக்கனின் வினாவுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து நின்றால், அவற்றுக்கிடையேயுள்ள உறவு மறைந்து நிற்கும். தமிழிலும் அவ்வாறே. அதனை எம் இலக்கணம் தொகை என்கிறது. மறைந்ததை வெளிக்கொணர்வது விரி. ஒரு தொகை ஐயத்துக்கு இடமானால், இரண்டு பொருள் முதலாக ஏழு பொருள் வரையிலும் அது விரிந்து மயங்கும் என்று நன்னூலாராகிய பவணந்தி முனிவர் கூறிவைத்தார்.

விலங்கின் பெயரைக்கொண்ட நோய்கள் சிலவற்றைப் பாருங்கள். எலிக்காய்ச்சல் என்கிறோம். எலி காய்ச்சலாற் படுத்ததென்பது அதன் பொருளன்று. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரால் மனிதருக்கு வரும் காய்ச்சல் என்பதே பொருள். யானைக்கால் என்கிறோம். அந்நோயோடு யானைக்குத் தொடர்பேயில்லை; யானையின் காலைப் போல வீங்கிய கால் என்பது பொருள். கூகைக்கட்டு என்கிறோம். அந்நோய் கண்ட பிள்ளையைக் கூகை தீண்டியதில்லை. ஆங்கிலத்திலும் இதுவே நிலை. கொப்பளிப்பானை அவர்கள் ‘சிக்கன் பொக்ஸ்’ என்பர். அதற்கும் கோழிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனவே பெயரில் விலங்கு இருப்பதால் மட்டும், அவ்விலங்கு நோயாளியா, நோயைக் கொணர்ந்ததா, உவமையா, வெறும் பெயரா என்பது விளங்கிவிடாது.

பறவைக் காய்ச்சலை எவ்வாறு விரிப்பது? ‘பறவைக்கு வரும் காய்ச்சல்’ என நான்காம் வேற்றுமையில் விரிக்கலாம். ‘பறவையால் வரும் காய்ச்சல்’ என மூன்றாம் வேற்றுமையிலும் விரிக்கலாம். மாணாக்கனின் தாய் முன்னதைக் கொண்டார். அயலார் பின்னதைக் கொண்டனர். இரண்டிலும் உண்மையுண்டு, இரண்டும் தனித்து நின்றால் குறையுடையன. அறிவியலுக்கு ஒத்த விரி ஒன்று கூறவேண்டுமாயின், ‘பறவைகளிடத்தே குடிகொண்டிருப்பதும், சிற்சில வேளைகளில் அவற்றினின்று பிற உயிர்களுக்குத் தாவுவதுமாகிய இன்புளுவென்சா’ என்றே கூறவேண்டும். இங்கே ‘பேர்ட்’ என்பது அவ்வைரசின் பிறந்த வீட்டைச் சொல்கிறது. அது செல்லும் வீடுகளையெல்லாம் சொல்லவில்லை.

மாணவர்க்கு இன்னுமொரு குறிப்பு. அச்சில் பலகாலும் ‘பறவை காய்ச்சல்’ என ஒற்றின்றி வருகிறது. வல்லினம் மிகாமல் எழுதினால் அது உம்மைத்தொகையாகிப் ‘பறவையும் காய்ச்சலும்’ என்றன்றோ பொருள்படும்! ஒற்றிட்டு எழுதுதலே முறை.

காய்ச்சல் என்ற சொல்லும் இங்கே முழுதும் பொருந்துவதன்று. காய்தல் என்பது சூடேறுதல். கோழியின் இயல்பான உடற்சூடே ஏறக்குறைய 41 பாகை செல்சியசு. மனிதனுக்கு அவ்வளவு ஏறினால் வைத்தியசாலைக்கு ஓடுவோம். ஆகவே கோழியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் அறிய முயல்வது வீண். இந்நோயின் கொடிய வகை கண்ட கோழிக்கூட்டத்தில் நூற்றுக்கு 90 முதல் 100 வரை, பெரும்பாலும் 48 மணித்தியாலங்களுள் இறந்துவிடும். மறுபுறம் காட்டுத்தாராக்கள் பல, இவ்வைரசைக் குடலிலே சுமந்தும் நோய்க்குறி சிறிதுமின்றிப் பறந்து திரியும். ஒன்று காய்வதற்குமுன் மடிகிறது. மற்றொன்று காய்வதே இல்லை.

ஆங்கிலத்தில் வழங்கும் முறை

ஆங்கிலம் பயிலும் பிள்ளைகள் இச்சொல்லைக் கையாளும்போது சிலவற்றை நினைவிற் கொள்ளல் நலம். பல பறவைகளைத் தாக்கும் நோயாயினும் ‘பேர்ட்ஸ் புளூ’ எனப் பன்மையில் எழுதுதல் கூடாது. தொகையின் முற்சொல் ஒருமையில் நிற்பதே ஆங்கில மரபு. சாதாரண இன்புளுவென்சாவைப் பேச்சிலே ‘த புளூ’ என்று சுட்டுச்சொல் சேர்த்துக் கூறுவர். பேர்ட் புளூவுக்கு அச்சொல் பொதுவாக வேண்டுவதில்லை. ‘ஏ’ என்னும் ஒருமைச் சொல்லும் அதன் முன் நேரே வாராது. ஆயினும் ‘ஏ பேர்ட் புளூ வைரஸ்’ எனப் பின்னே வேறு பெயர் தொடருமாயின் வரலாம். அங்கே அது வைரசைச் சேர்கிறது. வீட்டுப் பேச்சிலும் பத்திரிகையிலும் பேர்ட் புளூ பொருந்தும். பரீட்சை விடையிலும் வைத்திய அறிக்கையிலும் ஏவியன் இன்புளுவென்சா என்பதே தகும். மனிதருக்கு நோய் கண்டால் வைத்தியர்கள் ‘பறவை இன்புளுவென்சா வைரசினால் மனிதருக்கு ஏற்பட்ட தொற்று’ என்று விரித்தே எழுதுவர். அவர்கள் தொகையை நம்புவதில்லை.

எச்5என்1 போன்ற குறிகளும் பிள்ளைகளை மயக்குவதுண்டு. வைரசின் மேற்பரப்பிலே இருவகைப் புரதங்கள் உள. அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களே எச்சும் என்னும். நீர்ப்பறவைகளிடத்தே எச் வகையில் 16-உம் என் வகையில் 9-உம் அறியப்பட்டுள்ளன. ஐந்தாம் எச்சும் முதலாம் என்னும் கூடியது எச்5என்1.

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இப்பெயருக்கு ஒரு சோதனை வந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களிலே பாற்பசுக்களிடத்து எச்5என்1 காணப்பட்டது. பசுவுக்குப் பறவைக் காய்ச்சலா என மக்கள் வியந்தனர். அங்குள்ள மாட்டு வைத்தியர் சங்கம் பசுக்களிடத்துக் காண்பதை ‘மாட்டு இன்புளுவென்சா ஏ’ எனத் தனிப்பெயரால் அழைக்கலாமென முன்வந்தது. பத்திரிகைகளோ பழைய பெயரையே தொடர்ந்தன. பறவை என்பது பிறந்த வீடென உணர்ந்தவர்க்கு இதிலே முரண்பாடில்லை. சீனக்குடா எனப் பெயர் பெற்றதனால் எமது குடா சீனநாட்டுக் கடலாகிவிட்டதா?

பெயரால் விளையும் தீங்கு

பெயர் பிழையாக விளங்கப்படுமிடத்துத் தீங்கும் பெரிது. 1918-ஆம் ஆண்டின் பெருந்தொற்றை ‘ஸ்பானிய புளூ’ என்றனர். முதல் மகாயுத்தத்திலே நடுநிலை வகித்த ஸ்பெயின் நாட்டிற் பத்திரிகைத் தணிக்கை இல்லாமையால், அங்கிருந்து செய்தி வந்தது. நோய் அங்கே தோன்றியதன்று. அந்நோய் இலங்கையையும் விடவில்லை. இத்தீவின் மக்கட்டொகையில் அதனால் உண்டான இழப்பு ஏறக்குறைய 3,07,000 என ஆய்வாளர் கணித்துள்ளனர். வடபகுதியிலும் தென்பகுதியிலும் 1918 ஒக்டோபர்த் தொடக்கத்திலே அது உச்சத்தை அடைந்தது. அவ்வைரசின் பரம்பரை அலகுகள் 2005-ஆம் ஆண்டில் முற்றாக ஆராயப்பட்டபோது, அவை பறவை வைரசுகளை ஒத்திருப்பது புலனாயிற்று. பழியை ஒரு தேசம் சுமந்தது. காரணமோ சிறகோடு தொடர்புடையதாயிருந்தது.

2009-ஆம் ஆண்டில் ‘சுவைன் புளூ’, அஃதாவது பன்றிக் காய்ச்சல், என்ற பெயர் எழுந்தது. அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது. எகிப்து அரசோ நாட்டிலிருந்த ஏறக்குறைய 3 இலட்சம் பன்றிகளையும் கொல்ல ஆணையிட்டது. கைரோ நகரின் குப்பையை அள்ளி, உணவுக் கழிவைப் பன்றிகளுக்கு ஊட்டி வாழ்ந்த ஏழைகள் பிழைப்பிழந்தனர், தெருக்களிலே குப்பை குவிந்தது, நோய் நின்றபாடில்லை. இத்தகைய அனுபவங்களைக் கண்ட உலக சுகாதார ஸ்தாபனம், புதிய நோய்களுக்கு ஊரின் பெயரையோ, மனிதரின் பெயரையோ, விலங்கின் பெயரையோ இடுதல் தவிர்க்கப்படவேண்டுமென 2015-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. முன்னரே ஊன்றிவிட்ட பெயர்களை அகற்றுவது எளிதன்று. அவற்றை விளங்கிக்கொள்வதே எம்மாற் கூடியது.

எமது களப்புகளும் கோழிக்கூடுகளும்

திருக்கோணமலை வாழ்வோர்க்கு இவ்விளக்கம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. வாடைக்காற்று தொடங்கும் ஒக்டோபர் முதலாக, வடதிசையிலிருந்து வலசைப் பறவைகள் இத்தீவுக்கு வருகின்றன. மத்திய ஆசியாவினூடாக வரும் வான்வழியின் தென்பகுதியிலே இலங்கை உள்ளது. இதற்கப்பால் இந்து சமுத்திரமே. ஊசிபோல் வால் நீண்ட காட்டுத்தாரா முதலியன கிழக்குக் கரையின் களப்புகளிலும் குளங்களிலும் இறங்கி, ஏப்ரல் அளவில் திரும்பிச் செல்லும். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், குச்சவெளி எங்கும் நீர்நிலையும் கோழிக்கூடும் அண்டையண்டையாக உள்ளன. நிலாவெளிக்கு எதிரே புறாக்களால் பெயர் பெற்ற ஒரு தீவே இருக்கிறது. பறவையோடு வாழும் ஊர் இது. பறவையை வெறுத்து வாழ எம்மால் இயலாது. அதற்கு அவசியமும் இல்லை.

அஞ்சவேண்டிய அளவு அஞ்சுவோம். 2003-ஆம் ஆண்டு முதல் எச்5என்1 தொற்றியதாக உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அறிவிக்கப்பட்ட 900-க்கு மேற்பட்ட மனிதருள் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தனர். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டில் ஒரு சிறுவன் இந்நோயால் இறந்தான். ஆகவே ‘கோழிக்கு வருவதுதானே’ என்ற அலட்சியம் ஆகாது. அதேவேளை, நோயுற்ற பறவைகளோடோ அவற்றின் எச்சத்தோடோ நெருங்கிப் பழகியவர்களே இவர்களுட் பெரும்பாலோர். மனிதரிடையே தொடர்ந்து பரவும் ஆற்றலை அவ்வைரசு இன்னும் பெறவில்லை. உள்ளே யாங்கணும் 70 பாகை சூடேறச் சமைத்த இறைச்சியிலும், மஞ்சட்கரு இறுக வெந்த முட்டையிலும் அது பிழைத்திராது. ஆகவே ‘முட்டையும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம்’ என்ற பீதியும் ஆகாது.

செய்யவேண்டுவன சிலவே. இறந்துகிடக்கும் காகத்தையோ கோழியையோ பிள்ளைகள் தொடாமற் பார்த்துக்கொள்ளுதல். கோழிகள் பல ஒருங்கே இறந்தால் அவற்றைக் கறியாக்காமலும் விற்காமலும் கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவித்தல். காட்டுப்பறவை இறங்கும் நீரைக் கோழிக்கும் தாராவுக்கும் வைக்காதிருத்தல். கூட்டைத் துப்புரவு செய்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல். வலசைப் பறவைகளைக் கல்லெறிந்து துரத்துவது இவற்றுள் ஒன்றன்று. துரத்தினால் அவை வேறு களப்புக்குச் செல்லுமேயன்றி நோய் குறையாது.

எம் மாணாக்கனின் வீட்டிலே பின்னர் நடந்ததைச் சொல்லி முடிப்போம். ஆசிரியர் அறையிலிருந்து கால்நடை வைத்தியருக்குத் தகவல் அனுப்பினோம். அவர் வந்து பார்த்து, மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். கண்ணாற் கண்டமட்டில் இவ்விரு நோய்களையும் வேறுபடுத்தல் அரிது என்றார். முடிவு வந்தபோது அது பறவைக் காய்ச்சலன்று. கோழிகளுக்கு நீண்டகாலமாகவே வரும் ‘ராணிக்கேட்’ நோய். தடுப்பு மருந்தினாற் காக்கக்கூடியது. மனிதருக்கு வந்தாலும் பெரும்பாலும் கண்ணிலே சிறிது அழற்சியோடு போய்விடுவது. வேடிக்கை என்னவெனில், ராணிக்கேட் என்பதும் இமயமலைச் சாரலிலுள்ள ஓர் ஊரின் பெயர். 1920-களின் பிற்பகுதியில் அங்கே இந்நோய் காணப்பட்டமையால், அவ்வூர் இன்றுவரை அதன் பெயரைச் சுமக்கிறது.

அயலார் மீண்டும் முட்டை வாங்கத் தொடங்க மூன்று மாதம் சென்றது. அத்தாய்க்கு அம்மூன்று மாதமும் எவ்வாறு கழிந்தனவென்பதை நாம் கேட்கத் துணியவில்லை. மாணாக்கனோ தன் பயிற்சிப் புத்தகத்திலே பறவைக் காய்ச்சல் என்றெழுதி, அதன் கீழ் விரியையும் முழுமையாக எழுதியிருந்தான். அதற்கும் கீழே, “இது எங்கள் வீட்டுக் கோழிக்கு வரவில்லை” என்றும் ஒரு வரி இருந்தது. இலக்கணப் பாடத்தில் அவ்வரிக்கு இடமில்லை. ஆயினும் நாம் அதனை அடிக்கவில்லை.